சணல் வாங்கப் போனவர்

பிப்ரவரி 19

அத்தைக்கு,

வந்து சேர்ந்து ஆறு நாள் ஆகிறது. ஃபோன் செய்யவில்லை என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். மலைக்கு நடுவே செல்ஃபோனில் சிக்னல் கிடையாது. இருப்பது ஒரே ஒரு ஃபோன், அதுவும் என்ஜினியரின் மேஜைமேல். பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, உங்கள் காதுக்கு எட்டும்படி நான் கத்தினால், நம் வீட்டுக் கதை அணைக்கட்டு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் எழுதுகிறேன்.

என் கிரேன் அறுபது மீட்டர் உயரம். காலையில் ஏணி ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குகிறேன். உட்காரும் கூண்டு நம் குளியலறையில் பாதி இருக்கும். காற்று அடித்தால் மொத்தமும் ஆடுகிறது. பழகிவிடும் என்கிறார்கள்.

பஸ் நிலையத்தில் நீங்கள் சொன்னது பழகவில்லை. “கொடிக்குப் பாக்கிற பத்தியத்துல பாதி புருஷனுக்குப் பாத்திருந்தா அவன் ஓடியிருக்க மாட்டான்.” பஸ் கிளம்பிவிட்டது, நான் பதில் சொல்லவில்லை. இப்போதும் சொல்லப்போவதில்லை. கொடிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பின்சுவர்த் தட்டியில் இடது ஓரம் வெள்ளை, நடுவில் ஊதா, வலது ஓரம் கருஞ்சிவப்பு. கிளெமாட்டிஸ் என்று பெயர். உங்கள் பிள்ளை நர்சரியில் இருந்தபோது கொண்டுவந்து நட்டவை. அவர் பார்த்த ஏழு வேலைகளில் நாலு வருஷம் தாக்குப்பிடித்தது அது ஒன்றுதான். அவர் போன மூன்று வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

சிவப்பை மட்டும் இந்த மாதத்துக்குள் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். அது புதுத் தண்டில் பூக்கிற வகை. வெள்ளையையும் ஊதாவையும் அப்படி வெட்டவே கூடாது. போன வருஷத்துத் தண்டில்தான் தட்டு அகலப் பூ வரும். வெட்டினால் முதல் பூவெல்லாம் போச்சு. அடியில் பரப்பியிருக்கும் கற்களை எடுத்துவிடாதீர்கள். தலைக்கு வெயிலும் காலுக்கு நிழலும் வேண்டும் அதற்கு. இலைக்காம்பை வளைத்துப் பிடித்துத்தான் ஏறும். கனத்த கம்பு பிடிக்குள் அடங்காது, மெல்லிய சணலாகக் கட்டிக்கொடுங்கள். நன்றாக இருக்கிற கொடி ஒரே நாளில் தலை தொங்கிக் கறுத்தால் பதற வேண்டாம், அது ஒரு வாடல் நோய். தரையோடு வெட்டிவிடுங்கள். ஆழமாக நட்டிருப்பதால் அடியிலிருந்து திரும்ப வந்தாலும் வரும்.

ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறக்காதீர்கள்.

இப்படிக்கு,
மருமகள்

*

மார்ச் 5

மருமகளுக்கு,

மூன்று பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் உன் கிளிமாட்டிக்கு ஒன்றரைப் பக்கம், எனக்கு ஒரு மாத்திரை. சரி, இருக்கட்டும். அந்தப் பெயர் என் வாயில் இப்படித்தான் வருகிறது, சிரிக்காதே.

பஸ் நிலையத்தில் வாய் தவறிப் பேசிவிட்டேன். வாய் தவறியது என்றால் நினைத்தது தவறு என்று அர்த்தமில்லை. ஆனால் ஊருக்குக் கிளம்புகிறவளிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டாம். இதற்குமேல் இறங்கி வர என் முழங்காலுக்கும் முடியாது, எனக்கும் முடியாது.

கொடியைப் போய்ப் பார்த்தேன். கொடியா அது? காய்ந்த மின்சாரக் கம்பி மாதிரி மூன்று. இதற்கா இவ்வளவு பாடு! சிவப்பை நீ சொன்னபடி வெட்டிவிட்டேன். சணலை நூற்பாலை முடிச்சாகப் போட்டுக் கட்டினேன். என் முடிச்சு அவிழ்ந்ததாகச் சரித்திரம் இல்லை.

வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் மெஷினுக்கும் மெஷினுக்கும் நடந்த கால். நீ இருந்தவரை சும்மா கிடந்தது. இப்போது கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருக்கிறது. எதை எடுக்க வந்தேன் என்று தெரியாமல் திரும்புகிறேன். பக்கத்து வீட்டு டீச்சர் கேட்கிறாள், “யாரைத் தேடுறீங்க?” என்று.

உன் அத்தை

*

மார்ச் 28

மருமகளுக்கு,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம்.

கொடிகள் துளிர்த்துவிட்டன. வெள்ளையில் செத்துப்போனது மாதிரி இருந்த ஒரு தண்டை வெட்டிப்போடப் பார்த்தேன். நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிந்தது, அதனால் விட்டாயிற்று. நுனியில் பருத்த முளை ஜோடியாக இருக்கிற கணுவுக்குச் சற்று மேலே நறுக்கியிருக்கிறது. சருகு உரத்தைத் தண்டில் படாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டாயிற்று. ஓடில்லாத நத்தைகள் இளந்தளிரைத் தின்னாமல் இருக்கச் சுற்றிலும் கரகரப்பு மணல். தட்டியின் மேல்பக்கத்துக்கும் சணல் கட்டிவிட்டோம்.

சும்மா ஒன்று கேட்கிறேன். உன் புருஷன்மேல் உனக்கு இன்னும் கோபம் இருக்கிறதா? மனிதர்கள் மாறுகிறார்கள் என்று டீச்சர் சொல்கிறாள். மழை வந்துவிட்டால் நீயும் சீக்கிரம் இறங்கிவிடு, மேலே உட்கார்ந்திருக்காதே.

உன் அத்தை

*

ஏப்ரல் 5

அத்தை,

நகத்தால் கீறிப் பார்க்கச் சொல்லி நான் உங்களுக்கு எழுதவே இல்லை. மேல் தட்டிக்கு உங்கள் கை எட்டாது. ‘எல்லோரும் நலம்’ என்றால் அந்த வீட்டில் எத்தனை பேர்?

இன்று இரண்டு டன் கம்பிக்கட்டை இறக்க வேண்டிய இடத்துக்கு இரண்டு மீட்டர் தள்ளி இறக்கிவிட்டேன். கீழே இருப்பவர்களிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு இறங்கி வந்து இதை எழுதுகிறேன்.

யார் வந்திருப்பது?

*

ஏப்ரல் 12

மருமகளுக்கு,

அவன்தான்.

மார்ச் 14ஆம் தேதி, மத்தியானம். அழைப்புமணி அடித்தானாம், எனக்கு எங்கே கேட்கப்போகிறது! நான் தோட்டத்தில் கத்தரியோடு நின்றிருந்தேன். எதை வெட்டலாம், எதை வெட்டக் கூடாது என்று உன் கடிதத்தைப் பார்த்தும் குழம்பிப்போய், சிவப்புக்குச் செய்ததையே வெள்ளைக்கும் செய்யலாமென்று குனிந்தேன். சுவரில் நிழல் விழுந்தது. திரும்பினால், ஒரு பையோடு நிற்கிறான். ஆலைச் சத்தத்தில் உதடு பார்த்தே பேசிப் பழகியவள் நான். அவன் உதடு என்ன சொன்னது தெரியுமா?

“அம்மா, அத வெட்டாத.”

மூன்று வருஷம் கழித்து வந்தவன் பெற்றவளைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது. அறைய வேண்டும் என்றுதான் கையை ஓங்கினேன். கையில் கத்தரி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு அறைவதற்குள் அழுகை வந்துவிட்டது.

ஆள் பாதியாகிவிட்டான். எங்கே இருந்தாய் என்றால் “அங்க இங்க” என்கிறான். பின்னறையில் படுத்துக்கொள்கிறான். காலையில் எழுந்ததும் கொடிகளிடம் போய்விடுகிறான். சொல்லக் கூசுகிற பேச்சு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசுகிறான். உதடு தெரியாவிட்டால் எனக்குக் கேட்காது என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

உன்னிடம் மறைத்தது தப்பு. எழுதினால் உடனே துரத்தச் சொல்வாய் என்று பயந்தேன். வீடு உன்னுடையது, நீ சம்பாதித்துக் கட்டியது. ஆனால் பெற்ற வயிறு என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு யார் வீடு, எவர் வீடு என்று தெரிவதில்லை.

நீ என்ன சொல்கிறாயோ அதன்படி.

உன் அத்தை

*

ஏப்ரல் 21

அத்தைக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

அவர் வீட்டைவிட்டுப் போன அந்த ஞாயிற்றுக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கும். ஊதாக் கொடியைத் தட்டியில் கட்டிக்கொண்டிருந்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். “சணல் தீந்துபோச்சு, வாங்கிட்டு வரேன்” என்றார். செருப்பைக்கூட மாற்றவில்லை, வீட்டில் போடுகிற ரப்பர் செருப்பு. ஏணியை நான் மடக்கி வைக்கவில்லை, இதோ வந்துவிடுவார் என்று.

அவருக்கு வெளியூரில் அவசர வேலை வந்துவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். அது பொய். அதன்பிறகு ஒன்பது நாள் நான் வேலைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போனேன். ஆறாவது நாள் ஒரு பிணவறைக்குக் கூப்பிட்டார்கள். முப்பத்தைந்து வயது, நீலக் கட்டம்போட்ட சட்டை, ரப்பர் செருப்பு என்றார்கள். துணியை விலக்கும்வரை நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா அத்தை? உங்களிடம் இதை எப்படி உதட்டசைத்துச் சொல்வது என்று. அது வேறு யாரோ. வேறு யாரோ என்று தெரிந்ததும் சிரித்துவிட்டேன். அந்த மனிதனின் அம்மாவாக இருக்க வேண்டும், வாசலில் உட்கார்ந்திருந்தாள். அவள் நான் சிரித்ததைப் பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் கார்டு வந்தது. ‘நன்றாக இருக்கிறேன், தேட வேண்டாம்.’ அதைத்தான் உங்களிடம் காட்டினேன்.

நான் என்ன செய்தேன் என்று மூன்று வருஷமாக யோசிக்கிறேன். ஏதாவது சொன்னேனா, சமையல் பிடிக்கவில்லையா, அதிகம் பேசினேனா, பேசவில்லையா. நீங்களும் பஸ் நிலையத்தில் அதையேதான் சொன்னீர்கள்.

மே கடைசியில் எனக்கு விடுப்பு. அதற்குள் அவர் போயிருக்க வேண்டும். நான் வந்து அவரைப் பார்த்தால் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. போகச் சொல்லி அவரிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மருமகள்

*

மே 9

மருமகளுக்கு,

உன் கடிதத்தை நின்றபடியே படித்தேன். அப்புறம் உட்கார்ந்து படித்தேன். பஸ் நிலையத்தில் நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இந்தத் தடவை முழுசாக.

அந்த ஒன்பது நாளும் நான் உன் சமையலில் உப்பு இல்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அவனை உடனே போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்று சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று பத்து நாள் ஓட்டினேன். அதற்குள் ஊதாவுக்கு நீ எழுதிய அந்த வாடல் நோய் வந்துவிட்டது. அதில் பதினோரு மொட்டு, கோழிமுட்டை நீளத்துக்கு. நான் எண்ணி வைத்திருந்தேன். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் எல்லாம் தலை தொங்கிக் கிடக்கிறது. சாயங்காலத்துக்குள் இலைக்காம்பெல்லாம் கறுப்பு. கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தான்.

“என்னடா பண்ணப் போற?”

“தோண்டி எடுத்துட்டு, நர்சரியில இதே மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சிடறேன். அவ வரும்போது பூத்திருக்கும். அவளுக்குத் தெரியவே தெரியாது.”

எனக்கு அந்த நிமிஷம்தான் கண் திறந்தது. என் பிள்ளை கெட்டவன் இல்லை. ஆனால் வாடினதற்குப் பக்கத்தில் நிற்க அவனால் ஆகாது. பிடுங்கிவிடுவான், இல்லாவிட்டால் கிளம்பிவிடுவான். சின்னவயதிலேயே அப்படித்தான். நான்தான் அதற்குத் துறுதுறுப்பு என்று பெயர் வைத்தேன்.

கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டேன். “வேரத் தொடாத. தரையோட வெட்டு, அவ அப்படித்தான் எழுதியிருக்கா” என்றேன். வெட்டினான். கறுத்த தண்டையெல்லாம் பொறுக்கி எடுத்துக் குப்பையில் போட்டான். கையைக் கழுவிவிட்டு வந்ததும் அவனை உட்காரவைத்து உன் கடிதத்தில் பிணவறைப் பக்கத்தை மட்டும் படித்துக் காட்டினேன். பாதியில் முகத்தைத் திருப்பினான். தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். “கேளு” என்றேன். கேட்டான்.

அவளுக்கு நீயே எழுது என்று பேனாவைக் கொடுத்தேன். மூன்று நாள் எழுத உட்கார்ந்தான். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. நாலாம் நாள் நான் சொல்லிவிட்டேன்: “நீ கிளம்பு. அவ வர்றதுக்குள்ள போகணும்னு இல்ல. அவ கூப்பிடாம நீ இங்க இருக்கக் கூடாது.” பையை எடுத்துக்கொண்டான். நானே பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். எந்த ஊர் பஸ் என்று பார்க்கவில்லை. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன்.

நேற்றிலிருந்து ஒரு வாய்கூட இறங்கவில்லை. உனக்காகச் செய்தேன் என்று நினைக்காதே. நியாயம் என்று பட்டது, செய்தேன்.

உன் அத்தை

*

மே 24

அத்தைக்கு,

முதலில் சாப்பிடுங்கள்.

அவர் எந்த பஸ் ஏறினார் என்று எனக்குத் தெரியும். இங்கே வந்தார்.

செவ்வாய்க்கிழமை பத்து மணி இருக்கும். மேலேயிருந்து பார்த்தால் ஆட்கள் எல்லாம் மஞ்சள் ஹெல்மெட் புள்ளிதான். கேட் ஓரமாக ஹெல்மெட் இல்லாமல் ஒரு புள்ளி. ரெண்டு அடி நடந்தது, நின்றது, திரும்ப நடந்தது. முகம் தெரிய வேண்டியிருக்கவில்லை. கான்கிரீட் வாளி தொங்கிக்கொண்டிருந்தது, இறக்கினேன். அடுத்ததைத் தூக்கினேன். மதியச் சாப்பாட்டுக்கும் இறங்கவில்லை. ஷிப்ட் முடிய ஐந்து மணி. போய்விடுவார் என்று ஒவ்வொரு வாளிக்கும் எட்டிப் பார்த்தேன். போகவில்லை. உங்கள் பிள்ளை ஒரே இடத்தில் ஏழு மணி நேரம் நின்றது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

இறங்கி வந்தேன். மூன்று வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது, எல்லாம் மறந்துபோனது.

“அம்மா படிச்சுக் காட்டினாங்க” என்றார். “பொணவறைக்குப் போனியாமே.”

“ஏன் போனீங்க?” என்றேன். அது ஒன்றுதான் வாயில் வந்தது.

செருப்பைப் பார்த்தபடி சொன்னார்: “சணல் கடைக்கு எதிர்ல ஒரு பஸ் நின்னுது. ஏறிட்டேன். அடுத்த ஸ்டாப்புல எறங்கிடலாம்னுதான் நெனச்சேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலயும் நெனச்சேன். நேரம் ஆக ஆக, திரும்பி வந்து என்ன சொல்றதுன்னு பயமாயிடுச்சு.”

“நான் ஏதாவது சொன்னேனா?”

“இல்ல.”

“என்மேல ஏதாவது கோபம்?”

“உன்மேல என்ன கோபம்? ஒண்ணுமே இல்ல.”

ஒன்றுமே இல்லை. சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். ஏதோ ஒரு காரணம் இருக்கும், அது நானாகத்தான் இருக்கும் என்று மூன்று வருஷம் சுமந்ததை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை.

“வீட்டுக்கு வரலாமா?” என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். கோபத்தில் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவை அவர் கடைக்குப் போகும்போதும் என்னால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. அவரிடம் அதைத்தான் சொன்னேன். தலையாட்டினார். பக்கத்து ஊர் நர்சரியில் ஆள் கேட்கிறார்களாம், போய்ப் பார்ப்பாராம். மாதம் ஒரு கடிதம் அம்மாவுக்கு எழுதுங்கள் என்றேன். எழுதுகிறேன் என்றார். எழுதுவாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

கான்கிரீட் வேலை பிந்திவிட்டதால் விடுப்பைத் தள்ளிவிட்டார்கள். ஜூன் கடைசியில்தான் வர முடியும். ராத்தூக்கம் பரவாயில்லை. பகலில்தான் மனது ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

மருமகள்

*

ஜூன் 3

மருமகளுக்கு,

வெள்ளை பூத்துவிட்டது. என் உள்ளங்கையை விரித்து வைத்தால் பூ அதைவிடப் பெரிசு. டீச்சர் படம் எடுத்துக்கொண்டு போனாள். காய்ந்த கம்பி என்று சொன்னதற்கு அதனிடமும் ஒரு மன்னிப்பு பாக்கி. ஊதாவில் ஒன்றும் வரவில்லை. மண் காயாமல் பார்த்துக்கொள்கிறேன்.

நீ அவனிடம் சொன்னது சரி. அவனுடைய அம்மாவாக இருந்தும் சொல்கிறேன், சரி.

இனி என் விஷயம். நான் யோசித்துவிட்டேன். அவன் பெண்டாட்டி என்பதால் நீ எனக்கு மருமகள். அவனே இல்லை என்று ஆனபிறகு இந்த வீட்டில் எனக்கு என்ன முறை? நாளைக்கு உனக்கு வேறு வாழ்க்கை அமையலாம், அமைய வேண்டும். அப்போது பழைய மாமியார் ஒருத்தி கூடத்தில் நடந்துகொண்டிருந்தால் வருகிறவன் என்ன நினைப்பான்? என் தங்கை கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், அவள் வீட்டு மாடியறை சும்மாதான் கிடக்கிறது. பெட்டி கட்டியாயிற்று. சாவியை டீச்சரிடம் கொடுத்துவிட்டு, நீ வருவதற்கு முன்னால் போய்விடுகிறேன். நேரில் என்றால் நீயும் சங்கடப்படுவாய், நானும் சங்கடப்படுவேன்.

உன் அத்தை
(இனி எப்படிக் கையெழுத்துப் போடுவது என்று தெரியவில்லை)

*

ஜூன் 10

அத்தைக்கு,

பெட்டி கட்டத் தெரிந்த குடும்பம் அத்தை உங்களுடையது.

சங்கடமாக இருக்கும் என்று, நான் வருவதற்கு முன்னால், சொல்லாமல் கொள்ளாமல். இதை வேறு எங்கேயோ கேட்ட மாதிரி இல்லையா உங்களுக்கு?

நானும் யோக்கியம் இல்லை. நம் வீட்டிலிருந்து எழுபது கிலோமீட்டரில் இதே வேலை காலியாக இருந்தது. நானூறு கிலோமீட்டர் தாண்டி வந்தேன், அந்த வீட்டில் உங்கள் முகத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல். அதை நான் உங்களிடம் சொல்லவில்லை. கொடியைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன்.

முறை என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருஷம் அவர் இல்லாமல்தானே இருந்தோம்? உப்பு இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள், நான் முறைத்தேன், நீங்களே போட்டுக்கொண்டீர்கள். அதற்கெல்லாம் அவர் சிபாரிசு வேண்டியிருந்ததா? அத்தை என்று கூப்பிட அவரைக் கேட்க வேண்டியதில்லை. அப்பா கூடப் பிறந்தவளையும் இந்த பாஷையில் அத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

உங்களுக்குத் தங்கை வீட்டில்தான் இருக்கப் பிடிக்கிறது என்றால் நான் தடுக்க மாட்டேன். தங்கை மேல் வைக்கிற ஆசைக்கு நான் யார் குறுக்கே நிற்க? ஆனால் போவதானால் என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போகிற இன்னொருவரை என்னால் தாங்க முடியாது. ஜூன் 25, புதன்கிழமை வருகிறேன்.

மருமகள்தான்

*

ஜூன் 17

மருமகளுக்கு,

உன் கடிதத்தை டீச்சரிடம் காட்டினேன். “நல்லா வேணும் உங்களுக்கு” என்றாள்.

அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நாலு வரி. நர்சரியில் சேர்ந்துவிட்டானாம், நாற்றுக் கூடத்தில் தண்ணீர் பாய்ச்சுகிற வேலை. எத்தனை நாளைக்கோ. மடித்து அலமாரியில் வைத்திருக்கிறேன், நீ படிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இப்போது கவனமாகப் படி. தங்கைக்குக் கண் ஆபரேஷன். கூட இருக்க ஆள் வேண்டும் என்று உண்மையாகவே கூப்பிடுகிறாள். அதனால் போகிறேன். நாளை மறுநாள், வியாழக்கிழமை காலை எட்டரை பஸ். அங்கே ஐந்து நாள். திரும்புகிற பஸ் செவ்வாய் 24ஆம் தேதி காலை பத்து மணிக்கு, மதியம் ரெண்டுக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். நீ புதன் வருகிறாய், நான் உனக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்துவிடுவேன். பஸ் பஞ்சராகி நின்றால்கூட உனக்குத் தகவல் வரும். என்ஜினியர் மேஜை நம்பரை டீச்சரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், அணைக்கட்டு முழுக்கக் கேட்டாலும் பரவாயில்லை. அதுவரை கொடிகளுக்குத் தண்ணீர் டீச்சர்.

கட்டி வைத்த பெரிய பெட்டியை அவிழ்த்துவிட்டேன். ஒரு சின்னப் பையில் ஐந்து நாளைக்குத் துணி, மாத்திரை, கண்ணாடி. இந்தத் தடவை பஸ்ஸில் ஊர் பெயரைப் படித்துவிட்டுத்தான் ஏறுவேன். மற்ற துணியெல்லாம் அலமாரியில், என் தட்டில், இருந்த இடத்திலேயே இருக்கிறது.

புதன்கிழமை என்ன சமைக்கட்டும்?

உன் அத்தை